கால் பட்டனில் ஏன் இன்னும் பழைய ரிசீவர்? யார் இந்த ஹென்றி டிரைஃபஸ்?

உங்கள் மொபைலில் கால் செய்ய அழுத்தும் பச்சை பட்டனை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். அதில் இருப்பது மொபைல் போன் படம் இல்லை. இரண்டு முனையும் பருத்து, நடுவில் வளைந்திருக்கும் பழைய லேண்ட்லைன் ரிசீவர். அந்த ரிசீவரைக் கையில் தூக்கியே பார்க்காத குழந்தைகள்கூட அந்தப் படத்தைப் பார்த்ததும் போன் என்று சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். டயல் பேடைத் திறந்தால் மேல் வரிசையில் 1, 2, 3 இருக்கும். கால்குலேட்டரைத் திறந்தால் அதே மேல் பக்கத்தில் 7, 8, 9 இருக்கும். ஒரே போன், ஒரே திரை. ஏன் இரண்டு விதம்?

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடிப் போனால் அமெரிக்காவில் ஒரு டிசைன் ஆபீஸில் போய் நிற்போம். அதை நடத்தியவர் ஹென்றி டிரைஃபஸ். எப்போதும் பிரவுன் கலர் கோட்டு சூட்டிலேயே வலம் வந்தவர். 1972ல் இறந்துவிட்டார். அவர் காலத்தில் ஆப் கிடையாது, டச் ஸ்கிரீன் கிடையாது. ஆனால் இன்றைக்கு மொபைல் ஆப் செய்யும் கம்பெனிகளில் 'யூஎக்ஸ்' என்ற பெயரில் நடக்கும் வேலையின் பெரும்பகுதியை அவர் அப்போதே செய்துகொண்டிருந்தார்.

நாடக மேடையில் இருந்து வந்தவர்

1904 மார்ச் 2ம் தேதி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர் டிரைஃபஸ். நாடகங்களுக்கு வேண்டிய பொருட்களை சப்ளை செய்த குடும்பம். அதனால் மேடை அவருக்குப் புதுசு இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நார்மன் பெல் கெடஸ் என்ற பெரிய மேடை வடிவமைப்பாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு பிராட்வே தியேட்டர்களுக்கு செட் போட்டுக் கொடுத்தார்.

செட் போடுவது நல்ல பயிற்சி. பட்ஜெட் குறைவு, நாள் குறைவு, கதவு திறக்கவில்லை என்றால் நடிகர் எல்லார் முன்னாலும் மாட்டிக்கொள்வார். பார்க்க அழகாக இருந்து வேலை செய்யாத பொருள் மேடையில் ஒரு நாள்கூடத் தாங்காது.

1920களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் பிரபலமான மேசிஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர் அவரைக் கூப்பிட்டது. கடையில் இருக்கும் பொருட்களைச் சுற்றிப் பார்த்து, அசிங்கமாக இருப்பவற்றை அழகாக்கிப் படம் வரைந்து கொடுக்க வேண்டும். கடை அந்தப் படத்தைத் தயாரிப்பாளர்களிடம் கொடுத்து மாற்றச் சொல்லும். இதுதான் வேலை. டிரைஃபஸுக்கு அப்போது இருபதுகளில் வயசு, கையில் காசும் இல்லை. இரண்டு நாள் கடையைச் சுற்றினார். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு பொருள் எப்படித் தயாராகிறது, எந்த மெஷினில் ஓடுகிறது, என்ன செலவாகிறது என்று தெரியாமல் வெளியில் இருந்து அழகு சேர்க்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். கையில் காசில்லாத இளைஞன் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை. அவருடைய வாழ்க்கையில் இதே காட்சி இன்னொரு முறையும் வந்தது.

கார்ப்பெட்டைக் கிழித்ததும் நிரம்பிய தியேட்டர்

தியேட்டர் வேலைகள் செய்துகொண்டிருந்த காலத்தில் ஆர்.கே.ஓ நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். அயோவா மாநிலம் சூ சிட்டியில் பளபளவென்று ஒரு தியேட்டர் வைத்திருந்தார்கள். ஆனா கூட்டம் வரவில்லை. ஜனங்கள் அதே ஊரில் இருந்த சுமாரான இன்னொரு தியேட்டருக்குப் போனார்கள்.

டிரைஃபஸ் போய்ப் பார்த்தார். டிக்கெட் விலையைக் குறைத்தார். ஒரே டிக்கெட்டில் மூன்று படம் காட்டினார். சாப்பாடுகூட இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

கடைசியில் வாசலிலேயே போய் நின்றுவிட்டார். வருகிறவர், போகிறவர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டார். விஷயம் புரிந்தது. அது விவசாயிகளும் கூலிக்காரர்களும் வாழும் ஊர். சேறு படிந்த பூட்ஸோடு வருகிறார்கள். தியேட்டர் வாசலில் விலை உயர்ந்த கார்ப்பெட் விரித்திருக்கிறது. அதை மிதித்து அழுக்காக்கிவிடுவோமோ என்று கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறார்கள்!

கார்ப்பெட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு சாதாரண ரப்பர் விரிப்பைப் போட்டார். தியேட்டர் நிரம்பியது.

விலையைக் குறைப்பது, இலவசம் கொடுப்பது, ஆஃபர் போடுவது... இன்றைக்கும் ஒரு ஆப் ஓடவில்லை என்றால் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். வாசலில் போய் நிற்பது கடைசியாகத்தான் ஞாபகத்துக்கு வருகிறது. டிரைஃபஸுக்கும் அப்படித்தான் கடைசியில்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் அதை முதல் வேலையாக மாற்றிக்கொண்டார்.

பெல் கம்பெனி கொடுத்த 1,000 டாலர்

1929ல் நியூயார்க்கில் சொந்த ஆபீஸ் தொடங்கினார். அதே சமயத்தில் பெல் டெலிபோன் நிறுவனத்தில் இருந்து ஆள் வந்தார். எதிர்காலத்தின் டெலிபோன் எப்படி இருக்கும் என்று 10 கலைஞர்களிடம் படம் கேட்கிறார்கள், ஆளுக்கு 1,000 டாலர் தருவார்கள். அன்றைக்கு அது பெரிய தொகை.

டிரைஃபஸ் மறுத்தார். டெலிபோனை உள்ளே இருந்து வெளியே வடிவமைக்க வேண்டும், உங்கள் இன்ஜினியர்களோடு உட்கார்ந்து வேலை செய்தால்தான் அது நடக்கும் என்பது அவர் நிலை. இன்ஜினியர்களோடு சேர்ந்தால் கலைஞனின் கற்பனை சுருங்கிவிடும் என்று நினைத்த பெல் கம்பெனி அவரை விட்டுவிட்டுப் போனது. சில மாதம் கழித்து அதே ஆள் திரும்பி வந்தார். மற்றவர்கள் வரைந்து கொடுத்த படங்கள் எதுவும் டெலிபோனாக வேலை செய்யும்படி இல்லை.

அங்கே தொடங்கிய உறவு அவர் ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. ரிப்பேர் பண்ணப் போகும் ஊழியர்களோடு உதவியாளர் மாதிரி வீடு வீடாகப் போய், ஜனங்கள் போனை எங்கே வைக்கிறார்கள், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்.

1937ல் மாடல் 302 வந்தது. அதுவரை பல வீடுகளில் போன் ஒரு இடத்தில், மணி அடிக்கும் பெட்டி தனியாகச் சுவரில் இருக்கும். 302ல் மணி போனுக்குள்ளேயே வந்துவிட்டது. அடுத்து 1949-50ல் மாடல் 500. பழைய படங்களில் மேசை மேல் கருப்பாக உட்கார்ந்திருக்குமே, அந்த உருவத்தை உலகத்தின் மனதில் பதிய வைத்த போன் இதுதான். கோடிக்கணக்கில் தயாரானது.

இந்த 500ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கை இரண்டும் வேலையில் இருக்கும்போது ஜனங்கள் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினார்கள். பழைய ரிசீவரின் முதுகு கூம்பாக இருந்ததால் அது உருண்டு நழுவியது. புது ரிசீவரின் முதுகைத் தட்டையாக்கினார்கள். தோளில் உட்கார்ந்துகொண்டது. போனுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம் வைத்து மணியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி செய்தார்கள். ஆனால் முழுக்க நிறுத்த முடியாது. கால் வந்தால் தெரிந்தே ஆக வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு!

டயலில் ஒரு மாற்றம் செய்தார்கள். எண்கள் விரல் நுழையும் ஓட்டைக்குள் இருந்தால் விரல் மறைக்கும், தேய்ந்தும் போகும். அதனால் எண்களை ஓட்டைக்கு வெளியே தள்ளி வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனா சோதித்துப் பார்த்தால், ஜனங்கள் முன்பைவிட மெதுவாக டயல் செய்தார்கள். பெல் லேப்ஸில் இருந்த ஜான் கார்லின் என்ற உளவியல் ஆய்வாளர் இதற்கு வழி கண்டுபிடித்தார். விரல் போக வேண்டிய இடத்தில் கண்ணுக்கு ஒரு இலக்கு இல்லாமல் போனதுதான் பிரச்னை. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார்கள். வேகம் திரும்பி வந்தது.

டயல் பேடு கேள்விக்கும் இங்கேதான் பதில். சுழற்றும் டயலுக்குப் பதில் பட்டன் வைக்கலாம் என்று முடிவானதும், எண்களை எப்படி அடுக்குவது என்று பெல் லேப்ஸில் பலவிதமான வரிசைகளை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். அதில் இருந்து 1, 2, 3 மேலே வரும் வரிசை தேர்வானது. 1963ல் பட்டன் போன் விற்பனைக்கு வந்தது. கணக்கு மெஷின்கள் 7, 8, 9ஐ மேலே வைக்கும் தங்கள் பழைய வழக்கத்திலேயே போயின. இரண்டு வழக்கமும் இன்றைக்கு ஒரே மொபைலுக்குள் குடியிருக்கின்றன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் போன் வாடிக்கையாளருக்குச் சொந்தம் இல்லை, பெல் கம்பெனிக்குச் சொந்தம். மாத வாடகைக்குக் கொடுத்தார்கள். பழுதானால் செலவு கம்பெனிக்கு. அதனால் உடையாமல் பல வருஷம் உழைக்கும் போன் செய்வது டிரைஃபஸுக்கும் லாபம், கம்பெனிக்கும் லாபம். இரண்டு வருஷத்தில் போனை மாற்ற வைக்க வேண்டும் என்ற அழுத்தம் அவருக்கு இல்லை. இன்றைய டிசைனர்களோடு அவரை ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

டீமை எப்படி நடத்தினார்?

அன்றைய அமெரிக்காவில் டிசைன் உலகத்தின் பெரிய நட்சத்திரம் ரேமண்ட் லோவி. பெரிய ஆபீஸ், ஏகப்பட்ட கிளையன்ட்கள், பத்திரிகைகளில் படம். டிரைஃபஸ் இதற்கு நேர் எதிர். ஆபீஸைச் சின்னதாகவே வைத்துக்கொண்டார். ஒரே நேரத்தில் இத்தனை கம்பெனிக்குத்தான் வேலை செய்வோம் என்று வரம்பு வைத்திருந்தார். ஒவ்வொரு கம்பெனியின் தலைமையோடும் தானே நேரடியாகப் பேசினார்.

எதிரே உட்கார்ந்திருக்கும் கிளையன்டுக்கு நேராகத் தெரியும்படி படத்தைத் தலைகீழாக வரைவார். பேசிக்கொண்டே கை வரையும், எதிரில் இருப்பவருக்குப் படம் சரியாகத் தெரியும். இது கொஞ்சம் மேஜிக் ஷோ மாதிரிதான். நாடகக்காரர் அல்லவா!

ஆபீஸின் கணக்கு வழக்கு, ஒப்பந்தம், நிர்வாகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் டோரிஸ் மார்க்ஸ். 1930ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். டிரைஃபஸின் பெயர் வெளியே தெரிந்த அளவுக்கு டோரிஸின் பெயர் தெரியவில்லை. ஆனால் எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது என்ற சுதந்திரம் ஒரு ஆபீஸுக்கு வேண்டும் என்றால் யாராவது ஒருத்தர் பணத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்தவர் அவர்.

எந்தப் பொருளை எடுத்தாலும் ஐந்து கேள்விகள் கேட்பது அந்த ஆபீஸின் வழக்கம். பயன்படுத்த வசதியா, பாதுகாப்பா? பராமரிக்க எளிதா? செலவு எவ்வளவு? வாங்கத் தூண்டுமா? பார்க்க எப்படி? தோற்றம் கடைசியில்தான் வரும்.

படிக்காமல் தேர்வு எழுதக் கூடாது என்பது மாதிரி, பயன்படுத்திப் பார்க்காமல் வரையக் கூடாது. டிரைஃபஸ் டிராக்டர் ஓட்டினார், துணி துவைத்தார், தையல் மெஷினில் உட்கார்ந்தார், வயலில் எரு போட்டார், ரயில் இன்ஜின்கூட ஓட்டிப் பார்த்தார். இரண்டு பயணிகள் கப்பலுக்கு அறைகள் வடிவமைக்கும் வேலை வந்தபோது, அறைகளை நிஜ அளவில் நியூயார்க்கிலேயே அமைத்து, ஆட்களைப் பெட்டி படுக்கையோடு வரவழைத்துத் தங்க வைத்தார். பெட்டியை எங்கே வைக்கிறார்கள், சட்டையை எங்கே மாட்டுகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் இறுதி வரைபடம். கப்பல் கடலில் இறங்கிய பிறகு அலமாரியை நகர்த்த முடியாதே.

ஜான் டீர் டிராக்டர் கம்பெனியின் ஆட்கள் 1937ல் அவரைத் தேடி வந்தார்கள். விவசாயிக்கு டிராக்டர் அழகாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்ட காலம் அது. 1938ல் புது வடிவ டிராக்டர்கள் வந்தன. அந்த உறவு நீண்டு, 1960ல் வந்த டிராக்டர்களில் சீட்டுக்காக ஜேனட் டிராவெல் என்ற டாக்டரிடம் ஆலோசனை கேட்கும் அளவுக்குப் போனது. முதுகுவலி நிபுணரான அவர் பிறகு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்தவர்.

1953ல் ஹனிவெல் நிறுவனத்துக்காக ஒரு வட்டமான தெர்மோஸ்டாட் வந்தது. வீட்டின் வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்கும் கருவி இது. அதற்கு முன்னால் இருந்தவை செவ்வகம். சுவரில் கொஞ்சம் சாய்ந்து மாட்டினாலும் கண்ணை உறுத்தும். வட்டத்தைக் கோணலாக மாட்டவே முடியாது! விளிம்பைத் திருப்பினால் போதும், வேறு எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம். 2011ல் நெஸ்ட் என்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வந்தபோது அதுவும் வட்டம், அதையும் விளிம்பைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும்.

ஜோவும் ஜோசஃபினும் யார்?

ஒருமுறை ராணுவ டேங்க் வேலை ஒன்று வந்தது. உள்ளே ஆள் உட்காரும் இடத்தைத் திட்டமிட, சராசரி ஆண் ஒருவரின் உருவத்தை நிஜ அளவில் வரைந்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். அப்போதுதான் உறைத்தது. சராசரி ஆள் என்று யாருமே இல்லை. டேங்கில் ஏறப்போவது குட்டையான ஒருவராக இருக்கலாம், நெட்டையான ஒருவராக இருக்கலாம். இருவருடைய காலும் பெடலைத் தொட வேண்டும், இருவருடைய தலையும் இடிக்கக் கூடாது.

அங்கிருந்து மனித உடல் அளவுகளைத் தேடிச் சேர்க்கும் வேலை தொடங்கியது. ஆபீஸில் இருந்த ஆல்வின் டில்லி என்பவர் அவற்றை வரைபடங்களாக்கினார். அந்த ஆண் உருவத்துக்கு ஜோ என்றும், பெண் உருவத்துக்கு ஜோசஃபின் என்றும் பெயர் வைத்தார்கள். கை எவ்வளவு தூரம் எட்டும், விரல் எவ்வளவு அழுத்தும், கண் எந்தக் கோணம் வரை பார்க்கும் எல்லாம் அதில் உண்டு. 1955ல் டிரைஃபஸ் எழுதிய 'டிசைனிங் ஃபார் பீப்பிள்' புத்தகத்தில் ஜோவும் ஜோசஃபினும் அறிமுகமானார்கள். 1960ல் அந்த வரைபடங்கள் 'தி மெஷர் ஆஃப் மேன்' என்று தனி வெளியீடாகவே வந்தன. ஆப் செய்பவர்கள் இன்று 'பெர்சோனா' என்று பெயர், வயசு கொடுத்து ஒரு கற்பனைப் பயனாளரை உருவாக்கிச் சுவரில் ஒட்டுவார்கள். ஜோவையும் ஜோசஃபினையும் அவர்களுடைய தாத்தா, பாட்டி என்று சொல்லலாம்.

இங்கேதான் ஒரு சிக்கலும் இருக்கிறது. அந்த அளவுகளில் பெரும்பகுதி அமெரிக்க ராணுவத்தில் எடுக்கப்பட்டவை. ராணுவத்தில் இருப்பவர்கள் இளைஞர்கள், உடல் தகுதி தேர்வில் பாஸ் ஆனவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். வயதானவர்கள், மாற்றுத் திறனாளிகள், கர்ப்பிணிகள், வேறு நாட்டு மக்கள் அந்தச் சுவரில் இல்லை. புத்தகத்தின் பெயரே ஆணின் அளவு என்றுதான் இருந்தது. சராசரி ஆளை நம்பாதே என்று கண்டுபிடித்த அதே ஆபீஸ், யாரை அளப்பது என்ற கேள்வியில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டது. ஒரு போன் இந்தியப் பெண்ணின் கைக்குப் பெரிதாக இருக்கிறது என்றால், ஒரு முகம் அறியும் மென்பொருள் கருப்பு நிறத்தவர்களிடம் தடுமாறுகிறது என்றால், சிக்கலின் வேர் இதே மாதிரியான இடத்தில்தான் இருக்கும்.

இந்தக் குறையைத் திருத்தும் வேலை ஆபீஸுக்குள்ளேயே நடந்தது. டிரைஃபஸின் கூட்டாளி நீல்ஸ் டிஃப்ரியன்ட், டில்லி, ஜோன் பார்டாகி மூவரும் சேர்ந்து குழந்தைகள், முதியோர், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் வரை சேர்த்து 'ஹியூமன்ஸ்கேல்' என்ற தொகுப்பைக் கொண்டு வந்தார்கள். முதல் பகுதி 1974ல் வந்தபோது டிரைஃபஸ் உயிரோடு இல்லை.

பெயர் யாருக்கு?

1965ல் டிரிம்லைன் போன் வந்தது. டயலும் ரிசீவரும் ஒரே கைக்குள். கையில் பிடித்தபடியே எண்ணை அழுத்திப் பேசலாம் என்ற பழக்கத்தை இந்தப் போன் வீடுகளுக்குக் கொண்டு வந்தது. அதை வடிவமைத்தவர் ஆபீஸில் இருந்த டொனால்ட் ஜெனாரோ. ஆனால் வெளியே எல்லாருக்கும் அது டிரைஃபஸின் போன். தலைவரின் பெயரில் டீமின் உழைப்பு போய்ச் சேர்வது அன்றும் இருந்தது. டிரைஃபஸ் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, 1960களின் இறுதியில் ஆபீஸை அவர்களிடமே விட்டு ஒதுங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் போன பிறகும் ஆபீஸ் நின்றது.

அதே 1965ல் அமெரிக்க இண்டஸ்ட்ரியல் டிசைனர்கள் சங்கம் உருவானபோது முதல் தலைவர் அவர்தான்.

கடைசி வருடங்களில் கலிபோர்னியாவின் சவுத் பாசடீனாவில் இருந்தபடி டிரைஃபஸும் டோரிஸும் ஒரு வேலையில் மூழ்கினார்கள். மொழி தெரியாதவருக்கும் புரியும் குறியீடுகளை உலகம் முழுக்க இருந்து சேகரிப்பது. டிராக்டரில், ஆஸ்பத்திரியில், விமான நிலையத்தில், தொழிற்சாலையில் பயன்படும் சின்னச் சின்னப் படங்கள். சேர்த்ததில் இருந்து தேர்ந்தெடுத்து 'சிம்பல் சோர்ஸ்புக்' என்ற புத்தகமாக 1972ல் வெளியிட்டார்கள். பொருளடக்கம் மட்டும் 18 மொழிகளில். ஒரு படத்தைப் பார்த்து அர்த்தம் தெரியாதவர், அதன் வடிவத்தை வைத்தே தேட ஒரு தனிப் பகுதியும் உண்டு. வட்டமா, அம்புக்குறியா, சதுரமா என்று பார்த்துத் தேடலாம்.

புத்தகம் வந்த அதே வருஷம் டோரிஸுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. 1972 அக்டோபர் 5ம் தேதி தம்பதியர் இருவரும் தங்கள் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டனர். டிரைஃபஸுக்கு 68 வயசு.

2011ல் அமெரிக்கத் தபால் துறை நாட்டின் முன்னோடி டிசைனர்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. டிரைஃபஸுக்கான தபால்தலையில் அவர் முகம் இல்லை. 1937ல் வந்த அந்த மாடல் 302 டெலிபோன்தான் இருக்கிறது. மேலே கிடைமட்டமாகப் படுத்திருக்கிறது ரிசீவர்.